கோத்தகிரி அருகே 2 ஏக்கர் 40 சென்ட் தேயிலைச் சரிவு: எத்தனை மனை போடலாம்?

தேயிலைக்காடு (கேள்வி)

வணக்கம். கோத்தகிரி பக்கம் பஞ்சாயத்து ரோட்டை ஒட்டி எங்கள் குடும்பப் பட்டாவில் 2 ஏக்கர் 40 சென்ட் பழைய தேயிலை இருக்கிறது. ரோட்டோரம் கிழக்கு மேற்காக சுமார் 85 மீட்டர். ரோட்டிலிருந்து வடக்கே கீழ்நோக்கி சுமார் 115 மீட்டர். மொத்த இறக்கம் 30 மீட்டர். மேல் மூன்றில் ஒரு பங்கு தணிவான சரிவு, நடுப்பங்கு கொஞ்சம் கூடுதல், கடைசிப் பங்கு நன்றாகச் செங்குத்து. கிழக்கு எல்லையிலிருந்து 20 மீட்டர் உள்ளே மேலிருந்து கீழாக ஒரு பள்ளம் ஓடுகிறது. அதன் நடுவில் சுனை கசிகிறது. மாசி வரை ஈரம் காயாது. ஆங்காங்கே சில்வர் ஓக், கீழே கற்பூர மரம்.

கோவையில் வரைந்து வாங்கிய லேஅவுட்டில் 30க்கு 40 அடியில் 44 மனை. நடுவே நேராகக் கீழே இறங்கும் ஒரு ரோடு, இரு பக்கமும் குறுக்குத் தெரு. பள்ளத்தை மண் கொட்டி நிரப்பிவிடலாம் என்கிறார்கள். வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், உறிஞ்சுகுழி. இது நடக்குமா? நடக்காது என்றால் எத்தனை மனை நியாயம்? ரோடு, கழிவுநீர், தடுப்புச்சுவர் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மண்ணளவை

நடக்காது. அந்த வரைபடத்தில் எஃப்.எம்.பி. (வருவாய்த் துறையின் புல அளவை வரைபடம்) எல்லை மட்டும்தான் இருக்கிறது, உயரம் இல்லை. 115 மீட்டரில் 30 மீட்டர் இறங்கும் நேர் ரோடு என்றால் ஏறக்குறைய 1:4, அதாவது 4 மீட்டர் போக 1 மீட்டர் இறக்கம். ஈரமான கான்கிரீட்டில் லோடு ஏற்றிய தண்ணீர் லாரி அதில் ஏறாது. ஆம்புலன்ஸ் இறங்கினால் திரும்பாது. நெடுஞ்சாலைத் துறை பின்பற்றும் ஐ.ஆர்.சி. (இந்தியச் சாலைகள் பேரவை) விதிகளில், செங்குத்தான மலைப்பகுதிச் சாலைக்கு வழக்கமான ஏற்றம் 6 சதவீதம், தவிர்க்க முடியாத இடத்தில் 8 சதவீதம். குடியிருப்பின் உள்ரோட்டுக்கு 1:12 வரை போகலாம், குறுகிய தூரத்துக்கு 1:10. அதற்கு மேல் வேண்டாம்.

1:12-ல் 30 மீட்டர் இறங்க 360 மீட்டர் ரோடு வேண்டும். 7 மீட்டர் அகலம் வைத்தால் 2,520 சதுர மீட்டர், அதாவது உங்கள் நிலத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் ரோட்டுக்கே போய்விடும். ஆகவே ரோட்டைக் கீழே வரை கொண்டுபோகாதீர்கள்.

முதலில் டோட்டல் ஸ்டேஷன் (நில அளவைக் கருவி) வைத்து 5 மீட்டர் கட்டத்தில் புள்ளி எடுத்து, அரை மீட்டர் இடைவெளியில் கான்டூர், அதாவது சமவுயரக் கோடு, போடச் சொல்லுங்கள். சுனை, ஈரக்கசிவு, பாறை, மரம், பழைய தேயிலைக் கால்வாய் எல்லாம் அதில் ஏற வேண்டும். பிறகு 20 சதவீதத்துக்குக் கீழ், 20 முதல் 35, 35-க்கு மேல் என்று மூன்று நிறத்தில் சரிவைப் பிரியுங்கள். நீங்கள் சொன்னபடி பார்த்தால் மேலே 15, நடுவில் 25, கீழே 40 சதவீதம் வரும். 9 மீட்டர் ஆழமுள்ள வீட்டுத் தளத்துக்கு மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் உள்ள வித்தியாசம் மேல் பங்கில் 1.35 மீட்டர், நடுவில் 2.25, கீழே 3.6. இந்தக் கடைசி எண்ணைப் பார்த்த பிறகு கீழ் பங்கில் மனை போடும் ஆசை போய்விடும். அது தேயிலையாகவும் மரமாகவும் அப்படியே இருக்கட்டும்.

ரோட்டின் வடிவம் எனக்குத் தோன்றுவது இது: மேற்கு மூலையில் பஞ்சாயத்து ரோட்டிலிருந்து பிரிந்து, சரிவைக் குறுக்காக வெட்டிக்கொண்டு வடகிழக்கே இறங்குங்கள். பள்ளத்துக்கு 10 மீட்டர் முன்பே, அதாவது கிழக்கே 55 மீட்டரும் வடக்கே 38 மீட்டரும் போனபின் நின்றுவிடுங்கள். ரோட்டின் இந்த மேல் கை 67 மீட்டர் நீளம், இறக்கம் 5.7 மீட்டர், 1:12-க்குக் கச்சிதமாக அமைகிறது. அங்கே ஒரு திருப்பம். திருப்பத்தில் ஏற்றம் 1:40-க்கு மேல் இருக்கக் கூடாது, அதில்தான் வண்டி சறுக்கும். பிறகு கீழ்க் கை சமவுயரக் கோட்டோடு மேற்கே 50 மீட்டர் போய், தீயணைப்பு வண்டி திரும்ப 9 மீட்டர் ஆர இடத்தோடு முடியட்டும். மொத்த ரோடு சுமார் 130 மீட்டர், நிலத்தில் 9 சதவீதம்தான். பள்ளத்தை எங்கேயும் கடக்காததால் கல்வெர்ட் (சிறுபாலம்) செலவும் இல்லை.

மனைகள்: பஞ்சாயத்து ரோட்டைப் பார்த்து 4, பள்ளத்துக்குக் கிழக்கே 2, கீழ்க் கைக்குக் கீழே 18 மீட்டர் ஆழத்தில் 4. ஒவ்வொன்றும் 6 சென்ட் அளவில். 44 இருந்த இடத்தில் 10. இழுத்துப் பிடித்தால் 11. இரண்டு கைகளுக்கும் நடுவே விழும் முக்கோணம் 950 சதுர மீட்டர் வரும். ரோடு போக மீதிப் பரப்பில் 10 சதவீதம் திறந்தவெளி என்றால் 880 போதும். அதை அங்கேயே, ரோடு தொடும் இடத்தில் வையுங்கள். பள்ளத்தையும் செங்குத்துச் சரிவையும் பூங்கா என்று கணக்கில் காட்டப் பார்க்காதீர்கள்.

வீடுகளின் நீளப் பக்கம் கான்டூரோடு போகட்டும். படகர் ஊர்களான ஹட்டிகளில் வீட்டு வரிசை எப்படி மலையின் குறுக்கே நீளமாக, முன்னால் ஒரே முற்றத்தோடு நிற்கிறது என்று பார்த்தால் போதும்; கோவை டிராஃப்ட்ஸ்மேனுக்கு அதற்கு மேல் பாடம் தேவையில்லை.

---

குன்னூர்_சிவில்

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். மண்ணைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

நீலகிரியில் அடிப்பாறை சார்னோக்கைட் என்ற கடினப் பாறை. அதன் மேல் பல மீட்டர் ஆழத்துக்கு மட்கிய பாறையும் செம்மண்ணும். இரண்டுக்கும் இடையே பல இடங்களில் வழுவழுப்பான வெளிர் களிமண் பட்டை இருக்கும். காய்ந்திருக்கும்போது இந்த மண் செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். ஜே.சி.பி. ஓட்டுபவருக்கு வரும் தைரியம் அதனால்தான். தொடர்மழையில் மண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறியதும் களிமண் பட்டைக்கு மேலே இருப்பது மொத்தமாக வழுக்கி இறங்கும். 1978 நவம்பரிலும் 2009 நவம்பரிலும் இந்த மாவட்டத்தில் உயிர்களைக் கொண்டுபோன சரிவுகள் வடகிழக்குப் பருவமழையில் வந்தவை. கோத்தகிரி, குன்னூர் பக்கம் கனமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். கூடலூர் பக்கத்து ஆடி மழைக் கணக்கை இங்கே பொருத்தாதீர்கள்.

சோதனைக் குழி மூன்று மனைக்கு ஒன்றாவது, 3 மீட்டர் ஆழம். நிறம் மாறும் இடம், நீர் கசியும் மட்டம், விரலில் சோப்பு போல வழுக்கும் களிமண் இருக்கிறதா என்று குறித்து வையுங்கள். குழியைக் கோடையில் எடுத்தால் நீர்மட்டம் பொய் சொல்லும். ஒன்றிரண்டில் துளையிட்ட பி.வி.சி. குழாய் இறக்கி மூடிவிட்டு, கார்த்திகையில் மீண்டும் அளந்து பாருங்கள். மேலே நடந்து பார்க்கும்போது அடி வளைந்து நுனி நிமிர்ந்த மரம், வரிசை உடைந்து கீழே இறங்கிய தேயிலை, வில் போல வளைந்த விரிசல் எங்கே தெரிந்தாலும் அந்த இடத்தில் வீடு வேண்டாம். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் நிலச்சரிவு வரைபடம் பூகோஷ் தளத்தில் கிடைக்கிறது. ஆனால் அது 1:50,000 அளவு. உங்கள் 85 மீட்டர் அதில் 2 மி.மீ.கூட வராது. சுற்றுவட்டாரம் எப்படி என்று தெரிந்துகொள்ள மட்டும் உதவும்.

இன்னொன்று: தேயிலையை மொத்தமாகப் பிடுங்காதீர்கள். அந்த வேர்ப் பின்னலும், வரிசைகளுக்கு நடுவே பழைய தோட்டக்காரர்கள் வெட்டிய கால்வாயும்தான் மேல்மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன. ரோடும் தளமும் வரும் இடத்தில் மட்டும் எடுங்கள், தை முதல் வைகாசிக்குள். வெட்டிய மண்ணைக் கீழ்ச் சரிவில் தள்ளிவிடுவதுதான் இங்கே அன்றாடம் நடக்கும் பெரிய தவறு. அழுத்தப்படாத அந்த மண் அடியில் உள்ள புல்லின் மேல் உட்கார்ந்திருக்கும். முதல் பெருமழையில் புல் மட்டத்தோடு உருவிக்கொண்டு போகும். நிரப்ப வேண்டிய இடத்தில் முதலில் புல், வேர் நீக்கி, சரிவைப் படி படியாக வெட்டி, 20 செ.மீ. அடுக்காகப் போட்டு இடித்து ஏற்ற வேண்டும்.

தடுப்புச்சுவருக்கு ஐ.எஸ். 14458 என்ற இந்தியத் தர விதியைப் பாருங்கள், மலைப்பகுதிக்கென்றே எழுதியது. 2.5 மீட்டர் உயரக் கருங்கல் கட்டுக்கு அடி அகலம் 1.5 மீட்டர், தலை 60 செ.மீ., அஸ்திவாரம் இறுகிய மண்ணுக்குள் 1 மீட்டர் என்று தொடக்கக் கணக்கு வைத்து, பிறகு பொறியாளரிடம் சரிபார்க்கலாம். 100 மி.மீ. குழாய்த் துளைகள் 1.5 மீட்டருக்கு ஒன்று, வரிசைக்கு வரிசை மாற்றி, வெளிப்பக்கம் சாய்வாக. சுவருக்குப் பின்னால் 30 செ.மீ. அகலத்துக்கு ஜல்லி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே வடிதுணி. இந்த ஜல்லியைத்தான் காசு மிச்சம் என்று விட்டுவிடுகிறார்கள். அப்புறம் துளை இருந்தும் பயனில்லை, களிமண் வந்து அடைத்துக்கொள்ளும். ஹாலோ பிளாக்கில் காம்பவுண்டு கட்டி அதற்குப் பின்னால் மண் நிரப்புவதைத் தடுப்புச்சுவர் என்று சொல்பவரை வேலைக்கு வைக்காதீர்கள்.

---

சமவெளிக்காரன்

எல்லாம் சரி. மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் கட்டாயம்தானே? மனைக்கு ஒரு உறிஞ்சுகுழி தோண்டிக் கூரைத் தண்ணீரை இறக்கிவிட்டால் சுனையும் வற்றாது, வடிகால் செலவும் பாதியாகும். கோவையில் எல்லா லேஅவுட்டிலும் அப்படித்தான்.

---

ஓடைக்கரை

கோவையில் சரி, இங்கே அதுதான் ஆபத்து. 1,500 சதுர அடிக் கூரை சுமார் 140 சதுர மீட்டர். மணிக்கு 100 மி.மீ. மழையில் வினாடிக்கு 4 லிட்டர் இறங்கும். அதை 1 மீட்டர் குழி ஒன்றில் விட்டால், தடுப்புச்சுவருக்குப் பின்னால் குழாய் வைத்துத் தண்ணீர் ஏற்றுகிற கதை. சட்டம் கேட்பது சேகரிப்பு. இங்கே அதைத் தொட்டியாகச் செய்யுங்கள்: வீட்டுக்கு 10,000 லிட்டர் தொட்டி, அது நிரம்பியதும் 110 மி.மீ. குழாயில் நேராக வடிகாலுக்கு. மண்ணைத் தொடவே கூடாது.

வடிகால் அளவு: 0.97 ஹெக்டேர், மழை மணிக்கு 100 மி.மீ., மண்ணில் இறங்காமல் ஓடும் பங்கு 0.5 என்று வைத்தால், மூன்றையும் பெருக்கி 360-ஆல் வகுக்க வினாடிக்கு 0.135 கன மீட்டர், அதாவது 135 லிட்டர். கல் கட்டிய 45 செ.மீ. அகல, 45 செ.மீ. ஆழ வடிகால் 1:50 சரிவில், 30 செ.மீ. மட்டுமே நிரம்பி ஓடினாலும் வினாடிக்கு 280 லிட்டர் போகும். அளவு பிரச்சினையே இல்லை, வேகம்தான் பிரச்சினை. அதே வடிகால் நேராகச் சரிவில் இறங்கும் இடத்தில் வேகம் வினாடிக்கு 3 மீட்டரைத் தாண்டி, முடியும் இடத்தில் மண்ணைத் தோண்டிக் குழி பறிக்கும். அங்கெல்லாம் படி கட்டுங்கள், ஒவ்வொரு படியின் அடியிலும் சிறு தொட்டி. கடைசியில் பள்ளத்தில் சேரும் இடத்தில் பெரிய கல் பரப்புங்கள். பக்கத்துத் தோட்டத்துக்குள் திருப்பிவிட்டால் வழக்கு வரும்.

வெட்டின் மேல் விளிம்புக்கு 3 மீட்டர் மேலே ஒரு தடுப்பு வடிகால் வேண்டும், பஞ்சாயத்து ரோட்டுத் தண்ணீரும் அதில் சேரும்படி. அது கட்டாயம் பூசப்பட்டதாக இருக்கட்டும். மண் வாய்க்காலாக விட்டால் விரிசலுக்குத் தண்ணீர் ஊட்டுவதாகத்தான் முடியும்.

இப்போது கழிவுநீர். 10 வீடு, வீட்டுக்கு 5 பேர், ஆளுக்கு 135 லிட்டர்: நாளுக்கு 6,750 லிட்டர். மழையாவது நிற்கும், இது வருடம் முழுக்க. மேல் மனையின் உறிஞ்சுகுழித் தண்ணீர் கீழ் மனையின் சுவரில் கசிந்து வெளியே வரும், சுனையும் கெடும். தனித்தனியாக வேண்டாம். வீட்டிலிருந்து 110 மி.மீ., பொது லைன் 160 மி.மீ. குழாய், கீழ்க் கை ரோட்டோரமாக. இரண்டு மட்டங்களுக்கு நடுவே 60 செ.மீ.-க்கு மேல் வித்தியாசம் வந்தால் டிராப் மேன்ஹோல் (நீரைச் செங்குத்துக் குழாய் வழியே கீழ் மட்டத்துக்கு இறக்கும் ஆள்நுழைகுழி) வையுங்கள். இல்லாவிட்டால் மேலிருந்து விழும் கழிவுநீர் குழிக்குள் சிதறி அடித்தளத்தை அரிக்கும்.

கீழ்க் கை மனைகளுக்கும் கீழே, 25 சதவீதச் சரிவு முடிவதற்கு முன், மூன்று அறைத் தொட்டி. சமவெளியில் ஒரு நாள் தேக்கம் போதும் என்பார்கள். இங்கே மார்கழிக் குளிரில் கிருமி மந்தமாகும். இரண்டு நாள் தேக்கம், அதாவது 13 முதல் 14 கன மீட்டர் வையுங்கள், சகதிக்கு இடம் தனி. அதற்கடுத்து ஜல்லிப் படுகை: கான்டூரோடு 4 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளம், 60 செ.மீ. ஆழம், அடியில் எச்.டி.பி.இ. (நீர் கசியாத பிளாஸ்டிக்) விரிப்பு, மேலே கல்வாழை. வெளிவரும் நீரைக் கீழ்த் தேயிலையில் ஒரே இடத்தில் விடாமல், துளைக் குழாயில் வரிசை வரிசையாகப் பரப்புங்கள். அங்கே சரிவு அதிகம் என்பதால் மழை நாட்களில் துளைக் குழாயின் வால்வை மூடி, நீரை வடிகால் வழியாக விட ஒரு மாற்றுக் குழாய் அவசியம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சகதி எடுக்க வேண்டும், ஆனால் லாரி தொட்டி வரை வர முடியாது. ரோட்டிலிருந்து ஹோஸ் எட்டும் தூரத்திலேயே, 30 மீட்டருக்குள், தொட்டியை வையுங்கள்.

சுனையை நிரப்பச் சொன்னவர் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. மண் கொட்டினால் சுனை நிற்காது. கொட்டிய மண்ணுக்கு அடியில் ஓடும். அடுத்த கார்த்திகையில் அந்த மண் முழுக்கச் சேறாகக் கீழே வரும்.

---

பட்டாசிட்டா

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், வரிசை முக்கியம். பட்டா உங்கள் பெயரில் இருப்பது போதாது. அ-பதிவேட்டில் (கிராம நிலப் பதிவேடு) நில வகைப்பாடு, எஃப்.எம்.பி.-யில் அந்தப் பள்ளம் ஓடை என்று குறிக்கப்பட்டிருக்கிறதா, மாஸ்டர் பிளானில் அந்தப் புல எண் எந்த உபயோகத்தில் வருகிறது, 1949 தனியார் காடுகள் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்டதா. இந்த நான்கையும் பார்க்காமல் சர்வேயருக்குப் பணம் கொடுக்காதீர்கள். விவசாயம் என்று வகைப்படுத்தியிருந்தால் மனையாக மாற்றுவது எளிதல்ல. கதை அங்கேயே முடியலாம்.

கோத்தகிரி ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) எல்லைக்குள் வருகிறது. நகர் ஊரமைப்புத் துறை ஒப்புதலுக்கு வனத்துறை, புவியியல் சுரங்கத்துறை, வேளாண் பொறியியல் துறை கருத்துகள் தேவைப்படும். மேலே சொன்ன கான்டூர், சோதனைக் குழி, வடிகால் கணக்கு எல்லாம் அந்த அலுவலகங்களில்தான் வேலைக்கு ஆகும், ஆகவே அது வீண் செலவல்ல. ஜே.சி.பி. இறக்கத் தனி அனுமதி. ஆழ்துளைக் கிணற்றை நம்பித் திட்டம் போடாதீர்கள், இந்த மாவட்டத்தில் அதற்குக் கடுமையான கட்டுப்பாடு. சில்வர் ஓக் உங்களுடையதாக இருந்தாலும் 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்கித்தான் வெட்ட வேண்டும். கட்டட உயரம் 7 மீட்டர். சரிவில் எந்த மட்டத்திலிருந்து அளப்பது என்பதை வரைபடத்திலேயே காட்டிவிடுங்கள், பின்னால் தகராறு வருவது அதில்தான்.

500 சதுர மீட்டர் அல்லது 8 மனைக்கு மேல் என்றால் விற்பனை விளம்பரத்துக்கு முன்பே ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு. ஒப்புதல் இல்லாத மனையைப் பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவின்படி பதியமாட்டார்கள். இதைச் சுற்றிப் போக, பிரிக்கப்படாத பங்காக எழுதி விற்கலாம் என்று யாராவது ஆலோசனை சொல்வார்கள். வாங்குபவருக்கு வீட்டு வரைபட ஒப்புதலும் வங்கிக் கடனும் கிடைக்காது, திரும்ப உங்கள் வாசலில்தான் நிற்பார்.

---

தேயிலைக்காடு

எல்லோருக்கும் நன்றி. 44 என்று சொல்லி வைத்திருந்த சித்தப்பாவிடம் 10 என்று சொல்வது என் பாடு. இரண்டு சந்தேகம். பள்ளத்தின் இரு பக்கமும் எவ்வளவு விட வேண்டும்? கீழ்க் கையின் 4 மனையிலும் 4 மீட்டர் உயரத்தில் ஒரே சுவர் கட்டி ஒரே சமதளமாக எடுத்தால் வாங்குபவர்களுக்குப் பிடிக்கும் என்கிறார் ஒப்பந்தக்காரர். அல்லது கேபியன் பெட்டி (கல் நிரப்பிய கம்பிவலைப் பெட்டி) வைக்கலாமா?

---

குன்னூர்_சிவில்

தம்பி, பள்ளத்துக்கு மையத்திலிருந்து இரு பக்கமும் 6 மீட்டராவது விடுங்கள், சுனைக்கு மேல்பக்கம் 15 மீட்டர். எஃப்.எம்.பி.-யில் ஓடை என்று இருந்தால் துறை கேட்கும் தூரம் இதைவிடக் கூடலாம், அதுவே முடிவு. அந்தப் பட்டையில் நாணல், வெட்டிவேர், உள்ளூர் சோலை மரம் இருக்கட்டும். பாதைக்குக்கூட அதை நிரப்பாதீர்கள்.

4 மீட்டர் சுவர் வேண்டாம். மண் தள்ளும் விசை உயரத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். சுவரைக் கவிழ்க்கும் திருப்புவிசை மும்மடியில். 2 மீட்டர் சுவரோடு ஒப்பிட்டால் 4 மீட்டரில் தள்ளுவது 4 மடங்கு, கவிழ்ப்பது 8 மடங்கு. பின்னால் தண்ணீர் நிரம்பிவிட்டால் அந்த 4 மீட்டர் சுவர் மேல் வரும் விசை காய்ந்த நிலையைவிட இன்னும் இரண்டு மடங்காகும். அதற்குப் பதில் வீட்டையே இரண்டு மட்டமாகப் பிரியுங்கள்: 4.5 மீட்டர் அகலத்தில் இரண்டு தளம், நடுவில் 1.1 மீட்டர் படி. சமையலறை, கூடம் மேலே, படுக்கையறை கீழே. வெட்டும் நிரப்பும் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும், வெளியே கொண்டுபோக மண்ணே மிஞ்சாது. தோட்டப் பக்கம் சுவர் வேண்டுமென்றால் 1.5 மீட்டரில் இரண்டு, கீழ்ச் சுவருக்கும் மேல் சுவருக்கும் நடுவே 3 மீட்டர் விட்டு.

கேபியன் நல்லதுதான், தண்ணீர் தேங்காது, மண் கொஞ்சம் அமர்ந்தாலும் உடையாது. ரோட்டின் கீழ்ப் பக்கத்துக்கு நான் அதையே போடுவேன். ஆனால் பி.வி.சி. பூசிய கம்பி, 15 முதல் 25 செ.மீ. கல், கையால் அடுக்கியது. வாளியில் அள்ளிக் கொட்டினால் ஆறு மாதத்தில் வயிறு தள்ளும். கல் பெரும்பாலும் மேட்டுப்பாளையம் பக்கமிருந்து லாரியில் ஏற வேண்டியிருக்கும் என்பதால், கருங்கல் கட்டு, கேபியன் இரண்டுக்கும் கன மீட்டர் கணக்கில் விலை வாங்கிப் பாருங்கள். ஒப்பந்தக்காரர் சதுர அடிக் கணக்கில் கொடுத்தால் வாங்காதீர்கள், அடி அகலத்தைக் குறைத்துவிடுவார். அஸ்திவாரக் குழியையும் பின்னால் போடும் ஜல்லியையும் மூடுவதற்கு முன் அளந்து படம் எடுத்து, அதற்குப் பிறகே பில்லுக்குக் கையெழுத்துப் போடுங்கள்.